வீட்டு ஐஸ்க்ரீம் மேக்கர்: 45 நிமிஷம் ஓடியும் மிக்ஸ் கெட்டியாகல (1.5 லிட்டர் ஃப்ரீசர் பவுல் மாடல்)

#1 வேப்பம்பூ

ஃப்ரீசர் பவுல் வகை மெஷின், 1.5 லிட்டர். பவுல் 14 மணி நேரம் ஃப்ரீசரில் இருந்தது. நீல பாக்கெட் பால் 1 லிட்டர், ஃப்ரெஷ் க்ரீம் 200 மி.லி., சர்க்கரை 100 கிராம், வெனிலா. காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறினதும் ஊற்றியது. 45 நிமிஷம் ஓடியும் மில்க் ஷேக் பதத்தைத் தாண்டல. பவுல் சுவரில் மட்டும் கெட்டியா ஒரு ஐஸ் படலம். அதை டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் மறுநாள் கரண்டியே இறங்கல. வாயில் போட்டா ஐஸ் நறநறங்குது. ஃப்ரிட்ஜ் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மெஷினில் கோளாறா, அளவில் கோளாறா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கூலிங்_காயில்

மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்பு கம்மி. இந்த வகை மெஷின் எதையும் குளிராக்குறதே இல்லை, மோட்டார் சுத்தும், அவ்வளவுதான். குளிர் பூரா பவுலோட இரட்டைச் சுவருக்குள்ள அடைச்சிருக்கிற திரவத்தில் இருக்கு. அது முழுசா உறைஞ்சிருந்தா, திரும்ப உருகும்போது மிக்ஸோட சூட்டை இழுத்துக்கும். பேட்டரி மாதிரிதான். ஏத்தி வெச்ச சார்ஜ் தீர்ந்தா அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது.

கணக்கு போட்டுப் பாருங்க. 4 டிகிரியில் இருக்கிற 1 கிலோ மிக்ஸை மைனஸ் 5 டிகிரிக்கு இறக்கி, அதில் இருக்கிற தண்ணியில் பாதியை ஐஸாக்க சுமார் 135 கிலோஜூல் சூட்டை வெளியே எடுக்கணும். கை பொறுக்கும் சூடுன்னா 40 டிகிரி. அதை 4 டிகிரிக்குக் கொண்டு வரவே இன்னொரு 120 கிலோஜூல் போகுது. அதாவது பவுலோட குளிரில் பாதிக்குக் கிட்ட பாலை ஆற வைக்கிறதுக்கே செலவாயிருச்சு. அந்த வேலையை ஃப்ரிட்ஜே ராத்திரியில் சும்மா செஞ்சு குடுத்திருக்கும். போதாததுக்கு நீங்க ஊத்தினது 1.3 லிட்டர். 1.5 லிட்டர் பவுலில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல ஊத்தவே கூடாது. அதிகபட்சம் 1 லிட்டர், 900 மி.லி. இன்னும் நல்லது. மேல இருக்கிற காலி இடம் காற்று ஏறி உப்புறதுக்கு.

அடுத்தது பவுல். 14 மணி நேரம் பத்தாது, 24 மணி நேரம் வையுங்க. எடுத்ததும் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள சளக் சளக்னு சத்தம் வந்தா உறையல. சத்தம் வரலைங்கிறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணவும் முடியாது. உள்ள இருக்கிறது சாதா தண்ணி இல்லை, பூஜ்யத்துக்குக் கீழதான் உறையும். ஃப்ரீசர் மைனஸ் 18 இருந்தாத்தான் முழு சார்ஜ். ஃப்ரீசர் டிஸ்ப்ளேயில் காட்டுற எண்ணை நம்பாதீங்க. ஊசி தெர்மாமீட்டரை ரெண்டு உறைஞ்ச பட்டாணி பாக்கெட்டுக்கு நடுவில் செருகி ராத்திரி பூரா விட்டு, காலையில் கதவைத் திறந்த உடனே பாருங்க.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. மேல இருக்கிற ஐஸ் பெட்டியின் கதவில் பனி நட்சத்திரக் குறி இருக்கும். ஒண்ணுன்னா மைனஸ் 6, ரெண்டுன்னா மைனஸ் 12, மூணுன்னா மைனஸ் 18. மூணு இல்லாத ஃப்ரீசரில் பவுலை மூணு நாள் வெச்சாலும் பிரயோஜனம் இல்லை. வெளிக்கதவில் ஒட்டியிருக்கிற ஸ்டார் லேபிள் மின்சாரச் செலவுக்கானது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கடையிலயே இந்த ரெண்டையும் குழப்பிச் சொல்றாங்க.

பவுலை நிமிர்த்தித்தான் வைக்கணும். உட்புறம் சொட்டு ஈரம் இல்லாம துடைச்சு, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, ஃப்ரீசரின் பின்பக்கம் வையுங்க. உள்ள ஈரம் இருந்தா அது பனிப் படலமா ஒட்டிக்கும். அப்புறம் மிக்ஸைக் கிளறுற துடுப்பு (பேடில்) அதில் உரசி நின்னுபோகும்.

#3 பால்சொசைட்டி

குளிர் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் அதை மட்டும் திருத்தினால் கல்லாக உறைவது நிற்காது. அது மிக்ஸின் பிரச்சினை.

நீல பாக்கெட் என்பது டோன்டு பால்: கொழுப்பு 3%, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான பால் திடப்பொருள்) 8.5%. ஃப்ரெஷ் க்ரீம் 25% கொழுப்பு. நீங்கள் சொன்ன அளவை எடைக்கு மாற்றினால் மொத்தம் சுமார் 1,330 கிராம். அதில் கொழுப்பு 6%, எஸ்.என்.எஃப். 7.6%, சர்க்கரை 7.5%. கூட்டினால் திடப்பொருள் 21%தான். மீதி 79% தண்ணீர். அவ்வளவு தண்ணீரை உறைய வைத்தால் எந்த மெஷினில் போட்டாலும் பால் ஐஸ்தான் வரும்.

ஐஸ்க்ரீம் என்ற பெயரில் விற்க பால்கொழுப்பு குறைந்தது 10%, மொத்தத் திடப்பொருள் 36% இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. வீட்டுக்கும் அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள அளவு சரியாக 1 கிலோ மிக்ஸுக்கு. கொள்ளளவில் 920 மி.லி. அளவுக்கு வரும் என்பதால் 1.5 லிட்டர் பவுலுக்குப் பொருந்தும்.

ஃபுல் க்ரீம் பால் (6% கொழுப்பு, 9% எஸ்.என்.எஃப்.; ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட்) 500 கிராம்
25% ஃப்ரெஷ் க்ரீம் 300 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40 கிராம்
சர்க்கரை 120 கிராம்
குளுக்கோஸ் பவுடர் 40 கிராம்

இதில் கொழுப்பு 10.5%, எஸ்.என்.எஃப். 10.3%, சர்க்கரை வகைகள் 16%, ஆக மொத்தம் 37% அளவுக்கு வருகிறது.

பால் பவுடரில் கஞ்சத்தனம் வேண்டாம். அதில் உள்ள புரதம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், காற்றுக் குமிழியையும் தாங்கும். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. எஸ்.என்.எஃப். 12 சதவீதத்தைத் தொட்டால் பாலில் உள்ள லாக்டோஸ் பொடிப் பொடியாகப் படிந்து, சில நாளில் நாக்கில் மணல் போல உரசும். அந்த மணல் வாயில் எளிதில் கரையாது. ஐஸ் துகள் கரைந்துவிடும். உங்கள் டப்பாவில் இருப்பது எது என்று இதை வைத்தே பிரித்துச் சொல்லலாம்.

குளுக்கோஸ் எதற்கு என்று கேட்பார்கள். இனிப்பு சர்க்கரையில் 70% அளவுதான். உறைநிலையைக் கீழே இறக்கும் வலு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் திகட்டாமல் மென்மை கிடைக்கிறது. இனிப்பு பிடிக்காது என்று சர்க்கரையை வெட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவது மென்மையைத்தான். சர்க்கரையைக் குறைக்க ஆசைப்பட்டால் 100 சர்க்கரை, 60 குளுக்கோஸ் என்று மாற்றுங்கள், மொத்தத்தைக் குறைக்காதீர்கள்.

கப், டம்ளர் அளவெல்லாம் இங்கே உதவாது. 1 கிராம் காட்டும் கிச்சன் தராசு கட்டாயம்.

#4 மேகலா_அடுக்களை

சொசைட்டி சார் சொன்ன அளவே போதும். கூட ஸ்டெபிலைசர், அதாவது தண்ணியைப் பிடிச்சு வைக்கிற பொருள் ஒண்ணு சேர்க்கணும். சோளமாவு, அதாவது கார்ன்ஃப்ளோர் 10 கிராம் எடுத்து, குளிர்ந்த பால் 50 மி.லி.யில் கரைச்சு, மீதிப் பால் கொதிக்கும்போது ஊத்தி ஒரு நிமிஷம் கிளறினா போதும். எல்லா வீட்டிலும் இருக்கு, தனியா வாங்கத் தேவையில்லை.

செய்முறை: பால் பவுடர், சர்க்கரை, குளுக்கோஸ் மூணையும் உலர்வா கலந்துக்கோங்க. பாலை 40 டிகிரிக்குச் சூடாக்கி, விஸ்க்கால் அடிச்சுக்கிட்டே இதைத் தூவுங்க. கட்டி விழாது. அடுத்து க்ரீம். 80 டிகிரி வந்ததும் ரெண்டு நிமிஷம் அந்தச் சூட்டிலேயே வெச்சு, வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ் தண்ணியில் இறக்கிக் கிளறி ஆற வையுங்க. மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு ராத்திரி. வெனிலா எஸன்ஸ் ஆறின பிறகுதான், இல்லைன்னா வாசனை ஆவியோட போயிரும்.

#5 பால்சொசைட்டி

மேகலா மேடம், செய்முறை நேர்த்தி. சோளமாவில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 10 கிராம் போட்டால் கெட்டித்தன்மை வரும். ஆனால் பவுடர் போன்ற ஒரு படிவு நாக்கில் தங்கி வெனிலாவை மழுக்கும். மாவு வேகாவிட்டால் பச்சை வாசனையும் அடிக்கும். கொத்தவரைப் பிசின், அதாவது கடையில் குவார் கம் என்று விற்பது, 1 கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். சமமாக வழித்த அரை டீஸ்பூன் சுமார் 1.5 கிராம் வரும். அதைத் தனியாக ஈரத்தில் போட்டால் உடனே திரண்டுகொள்ளும். பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்துதான் தூவ வேண்டும். 3 கிராம் தாண்டினால் குழகுழவென்று இழுக்கும்.

நம் ஊர் பேக்கரி சாமான் கடைகளில் ஜி.எம்.எஸ்., சி.எம்.சி. என்று இரண்டு பவுடர் விற்பார்கள். சி.எம்.சி.யும் ஸ்டெபிலைசர்தான். குவார் கம் போட்டால் அது தேவையில்லை. ஜி.எம்.எஸ். வேறு ரகம், கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் எமல்சிஃபையர். 1 கிலோவுக்கு 2 கிராம். மிக்ஸ் 70 டிகிரியாவது தொட்டால்தான் அது உருகி வேலை செய்யும். ஆறிய பாலில் போட்டால் வெள்ளைத் துகளாக மிதக்கும்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பது வெறும் குளிர்ச்சிக்காக மட்டும் இல்லை. அந்த நேரத்தில் கொழுப்புத் திவலைகள் உள்ளுக்குள் இறுகுகின்றன, புரதமும் பிசினும் தண்ணீரை உறிஞ்சி ஊறுகின்றன. நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இந்த ஊறல் வேண்டும். ஊறிய மிக்ஸை எடுத்துப் பார்த்தால் முந்தைய நாளைவிடத் தடிமனாக, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும்.

#6 மேகலா_அடுக்களை

குவார் கம் கிடைக்கிற ஊருக்கு அது சரி சார். கிடைக்காத இடத்தில் சோளமாவை 6 கிராமுக்குக் குறைச்சு நல்லா வேக விட்டா அந்தப் படிவு அவ்வளவா தெரியாது. முட்டை சாப்பிடுறவங்களுக்கு இன்னொரு வழி: 1 கிலோவுக்கு நாலு மஞ்சள் கரு. அதுவே எமல்சிஃபையர். சூடு 82 டிகிரியில் நிறுத்தணும். 85 தாண்டினா திரிஞ்சு முட்டைப் பொரியல் ஆயிடும்.

#7 வேப்பம்பூ

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். மிக்ஸை ஊத்திட்டு ஸ்விட்ச் போடணுமா, போட்டுட்டு ஊத்தணுமா? ஓடும்போது நடுவில் டக் டக்னு சத்தம் வந்து பேடில் எதிர்ப்பக்கம் திரும்புது. அது கியர் போன அறிகுறியா?

#8 கூலிங்_காயில்

ஸ்விட்ச் போட்டு, சுத்த ஆரம்பிச்ச பிறகு மேல் ஓட்டை வழியா ஊத்துங்க. மைனஸ் 18 பவுலில் நிக்கிற மிக்ஸ் சில நொடியில் சுவரோட ஒட்டி உறையும். அப்புறம் பேடில் நகராது. பவுலையும் கடைசி நிமிஷத்தில்தான் ஃப்ரீசரில் இருந்து எடுக்கணும். எடுத்து மேடையில் வெச்சுட்டு வெனிலா தேடினா அந்த நேரமெல்லாம் சார்ஜ் இறங்குது. மே மாசச் சமையலறையில் ரொம்ப வேகமா இறங்கும். அடுப்பு எரியிற நேரத்தில் பக்கத்தில் வெச்சு ஓட்டாதீங்க.

டக் டக் சத்தம் பெரும்பாலும் கியர் போன சத்தம் இல்லை. மிக்ஸ் இறுகி எதிர்ப்பு கூடினா சில மாடலில் மோட்டார் தானா திசை மாறும், சிலதில் கிளட்ச் நழுவும். பிளாஸ்டிக் பல்லைக் காப்பாத்த வெச்ச ஏற்பாடு. 20 நிமிஷத்துக்கு மேல இது வந்தா ஐஸ்க்ரீம் தயார்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. ரெண்டாவது நிமிஷத்திலேயே வந்தா சுவரில் பனி படிஞ்சிருக்கு, இல்லைன்னா பேடில் சரியா உக்காரல. மிக்ஸ் இல்லாம, உறையாத பவுலை வெச்சு ஓட்டிப் பாருங்க. அப்பவும் டக் டக்னா அது கியர்.

கியர் பெட்டியைத் திறந்தா வெள்ளை நைலான் சக்கரங்கள் இருக்கும். பல் தேய்ஞ்சிருந்தா சக்கரத்தை மாத்தணும். வெறும் கிரீச் சத்தம்னா பழைய கிரீஸை துணியால் வழிச்சு எடுத்துட்டு ஃபுட் கிரேடு சிலிகான் கிரீஸ் பட்டாணி அளவு. தேங்காய் எண்ணெய் விடுறவங்க இருக்காங்க, வேண்டாம். குளிரில் இறுகும், நாளானா சிக்குப் பிடிக்கும்.

எப்ப நிறுத்துறதுன்னு நேரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 20 முதல் 30 நிமிஷத்துக்குள்ள மைனஸ் 5 வரணும். கரண்டியில் எடுத்துச் சாய்ச்சா வழியாம மடிப்பு மடிப்பா நிக்கணும். மேல்பக்கம் மினுமினுப்பு போய் மங்கலா இருக்கணும். 35 நிமிஷத்துக்குள்ள அந்தப் பதம் வரலைன்னா இனி வராது, பவுல் செத்துப்போச்சு. மேல மேல ஓட்டினா ஏறின குளிரும் இறங்கும். வழிச்சு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்க.

#9 வடைமாலை

இதே தலைப்பில் ஒரு கேள்வி. அமெரிக்காவில் இருந்து வந்த மெஷின், 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. இங்கே எப்படி ஓட்டுறது?

#10 கூலிங்_காயில்

நேரா 230 வோல்ட்டில் சொருகினா சில நொடியில் புகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். ஃப்ரீசர் பவுல் மெஷினுக்கு 50 வாட் பக்கம்தான் தேவை. 200 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். கையடக்கமா, எடையே இல்லாம விக்கிற டிராவல் கன்வர்ட்டர் வாங்காதீங்க. அது இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மாதிரி சூடேத்துற சாமானுக்கு. மோட்டாருக்கு ஆகாது.

வோல்ட்டை மாத்தலாம், ஹெர்ட்ஸை டிரான்ஸ்ஃபார்மர் மாத்தாது. ஏசி மோட்டார் நம்ம 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவா சுத்தும், கூடவே சூடும் ஆகும். அதனால 120 தர்ற டிரான்ஸ்ஃபார்மரைவிட 100, 110 வோல்ட் தர்றது மோட்டாருக்கு நல்லது. ஒரு பேட்ச் முடிஞ்சதும் அரை மணி நேரம் ஆற விடுங்க. கம்ப்ரெசர் உள்ள மெஷினை இப்படி ஓட்டவே வேண்டாம். ஹெர்ட்ஸ் மாற்றம் கம்ப்ரெசருக்கு ஆகாது, விலையும் அதிகம். ஊருக்கு எடுத்துட்டு வர்ற யோசனை இருந்தா 230 வோல்ட் மாடலா பார்த்து வாங்கச் சொல்லுங்க.

#11 கடற்கரைச்சாலை

கம்ப்ரெசர் மெஷினுக்கு மாறலாம்னு யோசனை. கவனிக்க வேண்டியது என்ன?

#12 கூலிங்_காயில்

பவுலை முந்தின நாளே உறைய வைக்க வேண்டாம், அடுத்தடுத்து ரெண்டு மூணு பேட்ச் போடலாம். அதுதான் லாபம். எடை 10 கிலோவுக்கு மேல, அலமாரியில் ஏத்தி இறக்குற சாமான் இல்லை. மேடையிலேயே நிரந்தர இடம் ஒதுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி வெச்சு 24 மணி நேரம் தொடாதீங்க. வண்டியில் சாய்ஞ்சு வந்திருந்தா கம்ப்ரெசர் ஆயில் குழாய்க்குள்ள ஏறியிருக்கும், இறங்கணும். சூடு வெளியேறுற ஜாலிப் பக்கம் சுவரில் இருந்து 15 செ.மீ. தள்ளி. மாசம் ஒரு தடவை அந்த ஜாலித் தூசியை பிரஷ்ஷால் தட்டணும். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து அடைச்சா 30 நிமிஷ வேலைக்கு 50 நிமிஷம் ஆகும்.

நடுவில் கரண்ட் போய் வந்தாலும், நீங்களே நிறுத்தினாலும், கம்ப்ரெசரை உடனே போடக்கூடாது. அஞ்சு நிமிஷம் விட்டு, உள்ள இருக்கிற கேஸ் அழுத்தம் சமமான பிறகுதான். வோல்டேஜ் ஏறி இறங்குற ஊரில் ஃப்ரிட்ஜுக்குப் போடுற டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசரே இதுக்கும் போதும்.

பவுல் தனியா கழட்டுற மாடலில், பவுலுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் காற்று நின்னா குளிர் கடக்காது. கம்பெனிக் கையேட்டில் உப்புத் தண்ணி ஊத்தச் சொல்லியிருந்தா ரெண்டு மூணு ஸ்பூன் கெட்டி உப்புக் கரைசல் ஊத்துங்க. முடிஞ்சதும் மறக்காம துடைக்கணும், உப்பு உலோகத்தை அரிக்கும்.

#13 வேப்பம்பூ

பவுலைக் கழுவுறது எப்படி? உள்ள இருக்கிற திரவம் கசிஞ்சா தெரியுமா?

#14 மேகலா_அடுக்களை

ஐஸ்க்ரீமை வழிக்கும்போதே ஆரம்பிக்குது இந்தக் கவனம். எவர்சில்வர் கரண்டி வேண்டாம், மரம் அல்லது சிலிகான். பவுல் சுவரில் கீறல் விழுந்தா அடுத்த தடவை அந்தக் கீறலில்தான் ஐஸ் பிடிக்கும்.

உடனே தண்ணி ஊத்தாதீங்க, ஊத்தின தண்ணி உறையும். சுடுதண்ணி அதைவிட மோசம். திடீர்னு விரிஞ்சு சுவரின் தையல் விட்டுரும். அறை வெப்பத்துக்கு வர மூணு நாலு மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்துனு ஸ்பாஞ்ச். கம்பி நார் கூடாது, டிஷ் வாஷர் கூடாது. துணியால் துடைச்சு ஒரு மணி நேரம் காய விட்டுத்தான் ஃப்ரீசர். பேடிலையும் மூடியையும் மட்டும் உடனே கழுவுங்க. பேடிலின் நடுத்தண்டு ஓட்டையில் பால் காய்ஞ்சு நிக்கும். பேபி பாட்டில் பிரஷ் அதுக்குச் சரியா நுழையும். அதை விட்டா அடுத்த பேட்சில் புளிச்ச வாடை.

#15 கூலிங்_காயில்

கசிவுக்கு: வாங்கின அன்னைக்கே காலி பவுலைக் காய வெச்சு எடை போட்டு, அடியில் மார்க்கரால் எழுதி வையுங்க. பிறகு எப்ப சந்தேகம் வந்தாலும் திரும்ப எடை போடுங்க. 10, 20 கிராம் குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுது. பவுல் அடியில் பிசுபிசுப்பு, சுவரில் புடைப்பு, ஐஸ்க்ரீமில் காரணமில்லாத கசப்பு அல்லது உப்பு இருந்தாலும் அதே அர்த்தம்தான். எம்-சீல் வெச்சு ஒட்டுற வேலை வேண்டாம். அந்த பேட்சைக் கொட்டிட்டு பவுலை மாத்துங்க, தனியா பவுல் மட்டும் விக்கிறாங்க.

#16 பால்சொசைட்டி

மெஷினை விட்டு இறங்கிய பிறகுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மெஷினில் பாதித் தண்ணீர்தான் உறைந்திருக்கிறது. மீதியில் பெரும்பங்கு ஃப்ரீசரில் உறைய வேண்டும். அது மெதுவாக நடந்தால் இருக்கிற சின்ன ஐஸ் துகளின் மேலேயே படிந்து துகள் பெருக்கும். அதனால் உயரமான டப்பா வேண்டாம். 5 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும் தட்டையான டப்பாவை முன்கூட்டியே ஃப்ரீசரில் குளிர வைத்து, இரண்டாகப் பிரித்து நிரப்புங்கள். மேலே க்ளிங் ஃபிலிமை ஐஸ்க்ரீமின் பரப்பில் படிய ஒட்டி, அதன் மேல் மூடி. நடுவில் காற்று நின்றால் அங்கே பனிப்பூ பூக்கும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம்.

உங்களுடையது ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றீர்கள். அதில் பனி உருக்க அவ்வப்போது ஹீட்டர் ஓடும், அப்போது காற்றின் வெப்பம் ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் டப்பாவின் ஓரம் கொஞ்சம் இளகி மறுபடி உறையும், துகள் பெரிதாகும். டப்பாவைக் கதவுத் தட்டில் வைக்காமல் பின்மூலையில், உறைந்த பாக்கெட்டுகளுக்கு நடுவே புதைத்து வையுங்கள். வீட்டு ஐஸ்க்ரீமை இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது. மின்தடையில் இளகியதை மறுபடி உறைய வைத்துப் பயனில்லை. பாதுகாப்பும் இல்லை.

கடை ஐஸ்க்ரீம் போல ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் ஸ்கூப் விழ வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் 525 கிராம் எடை இருந்தால் போதும் என்பது விதி. அதாவது பாதிக்கு மேல் காற்று இருக்கலாம். வீட்டு மெஷின் 25, 30 சதவீதம்தான் உப்ப வைக்கும். அடர்த்தி அதிகம், ருசியும் அதிகம். பரிமாறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதிக்கு மாற்றினால் ஸ்கூப் தானாக இறங்கும்.

#17 கடற்கரைச்சாலை

மாம்பழம், கருப்பட்டி, இளநீர்?

#18 மேகலா_அடுக்களை

மாம்பழம்: 1 கிலோ மிக்ஸில் 250 கிராம் விழுது. விழுதிலேயே 15% அளவுக்குச் சர்க்கரை இருக்கு, மீதி தண்ணிதான். அதனால சார் சொன்ன அளவில் பாலை 270 கிராமாக்கி, பால் பவுடரை 55, சர்க்கரையை 85 ஆக்குங்க. க்ரீமும் குளுக்கோஸும் அப்படியே. நாரில்லாத பழம், மிக்ஸியில் அரைச்சு வடிகட்டி, ஆறி ஊறின மிக்ஸில்தான் சேர்க்கணும். சூட்டில் சேர்த்தா பழப் புளிப்பில் பால் திரியும். துண்டு போடணும்னா சம எடை சர்க்கரைப் பாகில் ஒரு ராத்திரி ஊற வெச்சு வடிச்சு, கடைசி ரெண்டு நிமிஷத்தில். ஊறாத துண்டு ஐஸ் கல்லா பல்லில் இடிக்கும்.

கருப்பட்டியைப் பாலோட சேர்த்துக் கொதிக்க விடவே கூடாது. 120 கிராம் கருப்பட்டியை 50 மி.லி. தண்ணியில் தனியா காய்ச்சி, மண் போக மெல்லிய துணியில் வடிகட்டி, ஃப்ரிட்ஜில் குளிர வெச்சு, குளிர்ந்த மிக்ஸில் கலங்க. சர்க்கரை 120க்குப் பதில் இது. சேர்த்த தண்ணி அளவுக்குப் பாலைக் குறைச்சுக்கோங்க. சுக்கு ஒரு சிட்டிகை போட்டா அந்தக் கருகின வாசனைக்கு அவ்வளவு பொருத்தம்.

இளநீர் ஐஸ்க்ரீமில் இளநீரை ஊத்தாதீங்க, அது வெறும் தண்ணி. வழுக்கையை 150 கிராம் அரைச்சு சேருங்க, பாலில் அதே எடை குறையணும்.

#19 தஞ்சாவூர்த்தட்டு

ஃப்ரீசர் சரியில்லாதவங்களுக்கு இன்னும் நல்ல வழி, கைப்பிடி சுத்துற மரவாளி வகை. 1843இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் இன்னும் அடிப்படையில் ஓடுது. வாளியில் உடைத்த ஐஸ், நடுவில் மிக்ஸ் உள்ள தகர டப்பா. சுத்தும்போது ஐஸ் 5 பங்குக்குக் கல்லுப்பு 1 பங்கு. சுத்தி முடித்து இறுக வைக்கும்போது 3 பங்குக்கு 1. உப்பும் ஐஸும் சேர்ந்து இறங்கக்கூடிய அடிமட்டம் மைனஸ் 21 டிகிரி. ஆரம்பத்திலேயே உப்பை அதிகம் போட்டால் ஓரம் மட்டும் சட்டென்று உறைந்து நடு திரவமாக நிற்கும். பொடி உப்பு ஐஸுக்கு இடையில் நிற்காமல் அடிக்கு இறங்கிவிடும், கல்லுப்புதான் சரி. வாளியின் பக்கவாட்டு ஓட்டை அடைபடாமல் பாருங்க, உப்புத் தண்ணி டப்பாவின் மூடி வரை ஏறினால் ஐஸ்க்ரீமில் கலந்துவிடும்.

#20 வேப்பம்பூ

புது அளவில் செய்தாச்சு. பவுல் 24 மணி நேரம், மிக்ஸ் 5 டிகிரியில் ஊற்றி 26 நிமிஷத்தில் மடிப்பு விழுந்தது. ஐஸ் நறநறப்பு இல்லை, ஸ்கூப் விழுது. ஒரே குறை: அண்ணத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு பூச்சு, அங்கங்கே மஞ்சளா சின்னச் சின்ன மணிகள். ஃப்ரெஷ் க்ரீம் கிடைக்கல, பாலில் எடுத்த ஆடை 200 கிராமும் கூடுதல் பாலும் போட்டது.

#21 பால்சொசைட்டி

காரணம் அந்த ஆடைதான். பாக்கெட் க்ரீமில் கொழுப்புத் திவலைகளை அழுத்தத்தில் உடைத்துச் சிறிதாக்கியிருப்பார்கள். பாலாடையில் அவை திரண்டு கிடக்கும், பேடில் அடிக்க அடிக்க வெண்ணெயாகக் கூடிவிடும். ஆடையின் கொழுப்பு அளவும் நாளுக்கு நாள் மாறும், கணக்குக்கு அகப்படாது.

ஆடைதான் இருக்கிறது என்றால் 1 கிலோவுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். ஜி.எம்.எஸ். 2 கிராம் சேருங்கள். மிக்ஸ் 70 டிகிரியில் இருக்கும்போதே மிக்ஸியில் பாதி ஜார் அளவு மட்டும் ஊற்றி, மூடியின் நடு அடைப்பை எடுத்துத் துணியால் மூடிப் பிடித்து, ஒரு நிமிடம் அரையுங்கள். முழு ஜாரில் சூடான பால் அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். அரைத்ததை உடனே ஐஸ் தண்ணீரில் ஆற்றி ராத்திரி ஊற விடுங்கள். மெஷினில் மடிப்பு விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள், இன்னும் கெட்டியாகட்டும் என்று ஓட விடாதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் அந்த டப்பாவை வீணாக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் முழுக்க இளக விட்டு, சூடாக்கி 70 டிகிரிக்குக் கொண்டு வந்து அதே போல அரைத்து, வடிகட்டி, ஊற வைத்து மறுபடி மெஷினில் ஓட்டலாம்.

#22 கூலிங்_காயில்

மறுபடி ஓட்டுறதுக்கு முன்னாடி பவுலை இன்னொரு 24 மணி நேரம் வைக்கணும், மறந்துராதீங்க. ஒரு தடவை ஓட்டின பவுல் தொட்டா ஜில்லுனு இருந்தாலும் உள்ள பாதிதான் சார்ஜ்.